மார்செல் தாலியோ: காசாபிளாங்காவில் சூதாட்ட மேசைக்குப் பின்னால் நின்றவர்

நெய்தல்வாசி

போன வாரம் 'காசாபிளாங்கா'வை நாலாவது தடவையாகப் பார்த்தேன். 1942-இல் வந்த ஹாலிவுட் படம், போரிலிருந்து தப்பி மொராக்கோவில் விசாவுக்குக் காத்துக்கிடக்கும் அகதிகளின் கதை. இந்த முறை ஹம்ஃப்ரி போகார்ட்டையும் இங்கிரிட் பெர்க்மனையும் விட்டுவிட்டு, ரூலெட் என்ற சூதாட்ட மேசையில் பந்தைச் சுழற்றிவிடும் எமீலையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

காட்சி எல்லோருக்கும் தெரியும். பல்கேரியாவிலிருந்து ஓடிவந்த இளம் தம்பதி. விசாவுக்குக் கொடுக்கப் பணமில்லை, கணவன் கையிலிருந்த மிச்சத்தையும் சூதில் தோற்றுக்கொண்டிருக்கிறான். கஃபே முதலாளி ரிக் (போகார்ட்) பக்கத்தில் வந்து '22-இல் வை' என்கிறார். எமீல் நிமிர்ந்து முதலாளியை ஒரு கணம் பார்க்கிறார். பந்து 22-இல் விழுகிறது. 'எடுக்காதே, அப்படியே விடு' என்கிறார் ரிக். மறுபடியும் 22. கொஞ்ச நேரம் கழித்து ரிக் 'இன்றைக்கு எப்படிப் போகிறது?' என்று கேட்க, 'நான் நினைத்ததைவிட ஓர் இரண்டாயிரம் குறைவு' என்று பதில் சொல்கிறார் எமீல். முகத்தில் சிரிப்பில்லை. முதலாளி செய்த தர்மத்தை ஊருக்குச் சொல்லாமல், அவருக்கு மட்டும் தெரியும்படி சொல்லும் தொனி.

பிறகு போலீஸ் அதிகாரி கேப்டன் ரெனோ 'இங்கே சூதாட்டம் நடக்கிறதா!' என்று அதிர்ச்சி காட்டிக் கடையை மூடும்போது, அவர் ஜெயித்த பணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுப்பதும் இவர்தான். உலக சினிமாவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் காட்சிகளில் அது ஒன்று. ஆனால் படத்தின் டைட்டிலில் இவர் பெயரே கிடையாது.

இவர் மார்செல் தாலியோ. இந்தப் படத்துக்கு மூன்று வருடம் முன்பு பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் 'ஆட்டத்தின் விதி'யில் கதையின் நடுநாயகமான பிரபு இவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு 'மாபெரும் மாயை'யில் பிரெஞ்சு நட்சத்திரம் ழான் கபேனோடு சிறையிலிருந்து தப்பிப்பவரும் இவரே. பிரெஞ்சு சினிமாவின் உச்சம் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் இந்த இரண்டும் அதில் வரும். இரண்டையும் தாங்கிய மனிதர் ஹாலிவுட்டில் பெயரில்லாமல் சில்லு தள்ளிக்கொண்டு நிற்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. அவரைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

புதுவரவு22

எமீல் யாரென்று ஞாபகம் இருக்கிறது, நடிகரின் பெயர் இன்றுதான் தெரியும். அண்ணா, அவ்வளவு பெரிய நடிகர் ஏன் அங்கே போய் அப்படி நின்றார்? வாய்ப்பு இல்லாமலா?

பழைய_ரீல்

உயிர் பிழைக்கப் போனார், தம்பி. முதலிலிருந்து சொல்கிறேன்.

இயற்பெயர் இஸ்ரயேல் மோஷே பிளாவுஷில்ட். 1899 நவம்பர் 23-இல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். பாரிஸ் கன்சர்வத்வாரில் நடிப்புப் படித்து, 1920-களில் மேடையில் பாட்டும் நையாண்டியும் கலந்த ரெவ்யூ நிகழ்ச்சிகளில் ஆடினார். ஆள் குள்ளம். பெரிய கண்கள், சட்டென்று மாறும் முகம். கதாநாயகனாகப் போட யாரும் துணியவில்லை. சினிமா அவருக்குக் கொடுத்ததெல்லாம் காட்டிக்கொடுப்பவன், கடத்தல்காரன், நம்பக்கூடாத அந்நியன். 1937-இல் வந்த 'பெப்பே லெ மோக்கோ'வில் போலீஸுக்கு உளவு சொல்லும் ஆள், 'லார்பி' என்று பெயர்.

அதே 1937-இல் ரெனுவார் 'மாபெரும் மாயை'யில் லெஃப்டினன்ட் ரோசந்தால் வேடம் கொடுத்தார். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு அதிகாரி, பணக்கார யூதக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டுப் பார்சலைக் கூட இருக்கும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார். யூதன் என்றால் கருமி என்று திரையில் காட்டிவந்த காலம் அது.

மேடைமொழி

ரோசந்தாலைப் பற்றிப் பேச்சு வந்ததால், நாடகக்காரன் என்ற முறையில் ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது.

தப்பி ஓடுகிறார்கள், ரோசந்தாலும் கபேன் நடித்த மரெஷாலும். பனி, பசி. ரோசந்தாலுக்குக் கால் சுளுக்கி நடக்க முடியவில்லை. மரெஷால் பொறுமை இழந்து கத்துகிறார்: நீ என் காலில் கட்டின குண்டு, எனக்கு யூதர்களை எப்போதுமே பிடிக்காது. இத்தனை நாள் ஒரே தட்டில் சாப்பிட்டவர் வாயிலிருந்து வருகிறது அந்தச் சொல். ரோசந்தால் ஒரு பாறையில் உட்கார்ந்து, குழந்தைகள் பாடும் ஒரு கப்பல் பாட்டைத் தொண்டை கிழியப் பாட ஆரம்பிக்கிறார். மரெஷால் நடந்து போய்க்கொண்டே தன்னையறியாமல் அதே பாட்டை முணுமுணுக்கிறார். கப்பலில் சாப்பாடு தீர்ந்துபோகும் வரி வரும்போது குரல் நின்றுவிடுகிறது. திரும்பி வருகிறார்.

அந்த இடத்தில் நூறு நடிகர்களில் தொண்ணூற்றொன்பது பேர் அழுவார்கள். தாலியோ அழவில்லை. ஆத்திரத்தில் பாடுகிறார். கைவிடப்பட்டவனுக்கு வரும் முதல் உணர்ச்சி ஆத்திரம்தான். துக்கம் பிறகு வரும். அதை அறிந்த நடிகர் அவர்.

பிறகு ஒரு ஜெர்மானிய விதவையின் பண்ணைவீட்டில் இருவருக்கும் அடைக்கலம் கிடைக்கிறது. கிறிஸ்துமஸ் இரவு. அந்த வீட்டுச் சிறு பெண்ணுக்காக ரோசந்தால் உருளைக்கிழங்கில் குழந்தை ஏசுவைச் செதுக்கிக் குடில் வைக்கிறார். ஏசுவை 'என் இனத்துச் சகோதரன்' என்கிறார். 1937-இல், ஐரோப்பாவில், அதைத் திரையில் ஒரு யூத நடிகர் சொல்கிறார்.

கொட்டகைக்காரன்

எல்லாம் சரி. ஆனால் நெய்தல்வாசி சொல்வதுதான் என் கருத்தும். ஹாலிவுட் இந்த மனிதரை வீணடித்தது. அங்கே அவர் செய்த வேடங்களைப் பாருங்கள்: 1941-இல் முதல் படத்தில் ஹோட்டல் சிப்பந்தி. அதே ஆண்டு ஸ்டெர்ன்பெர்க்கின் 'ஷாங்காய் ஜெஸ்ச்சர்' படத்தில் சூதாட்ட மேசைக்காரர். காசாபிளாங்காவில் மறுபடி சூதாட்ட மேசை. 1944-இல் ஹோவர்ட் ஹாக்ஸின் 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' படத்தில் மார்த்தினிக் தீவில் ஹோட்டல் நடத்துபவர். 1953-இல் மர்லின் மன்றோ படத்தில் மாஜிஸ்திரேட். 1960-இல் 'கேன்-கேன்' படத்தில் தலைமைப் பரிமாறுபவர். பிரெஞ்சு உச்சரிப்பு வேண்டுமா, கூப்பிடு தாலியோவை. அவ்வளவுதான் அவர்களுக்கு அவர்.

பழைய_ரீல்

வீணடித்தது என்று சொல்வதற்கு முன் அவர் எந்த நிலையில் போய்ச் சேர்ந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1940 ஜூன் 14-இல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. தாலியோவும் அவருடைய இளம் மனைவி மதலேன் லெபோவும் அதற்குள் கிளம்பிவிட்டார்கள். லிஸ்பன் போய்ச் சேர்ந்து, விசாவுக்காகச் சுமார் இரண்டு மாதம் காத்துக்கிடந்தார்கள். கடைசியில் சிலி நாட்டு விசா கிடைத்தது. 'குவான்சா' என்ற போர்த்துகீசியக் கப்பலில் ஏறினார்கள். மெக்சிகோ போனதும் அந்த விசாக்கள் போலியானவை என்று தெரியவந்தது. அவர்களைப் போலவே ஏமாந்த அகதிகள் கப்பல் நிறைய. பிறகு கனடாவின் தற்காலிகக் கடவுச்சீட்டு கிடைத்து, ஒருவழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள்.

இதற்கிடையில் பாரிஸில் நாஜிகள் சுவரொட்டி ஒட்டினார்கள். யூதனை அடையாளம் கண்டுகொள்வது எப்படி என்று ஊருக்குக் காட்ட ஒரு முகம் வேண்டும். அவர்கள் எடுத்தது தாலியோவின் படத்தை. சினிமா சுவரொட்டியில் இருந்த முகம் வேட்டைச் சுவரொட்டிக்குப் போனது. பிரான்ஸில் தங்கிவிட்ட அவர் குடும்பத்தார் நாஜி முகாம்களில் மாண்டார்கள்.

இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் 1942 கோடையில் வார்னர் ஸ்டுடியோவில் ஒரு பொய்யான மொராக்கோவில், விசா கிடைக்காத அகதிகளுக்கு நடுவில் நின்று ரூலெட் சுற்றினார். அந்தப் பல்கேரியத் தம்பதியைப் பார்க்கும் பார்வையை இப்போது மறுபடி பாருங்கள்.

புதுவரவு22

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நெய்தல்வாசி

பழைய_ரீல் ஐயா, போலி விசா விஷயம் எனக்குத் தெரியாது. கதையில் வருவதும் கிடைக்காத விசாதானே. அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். ஜெர்மன் மேஜராக நடித்த கான்ராட் வைட், யூத மனைவியைக் காப்பாற்ற ஜெர்மனியை விட்டு வந்தவர். டைட்டிலில் பெயர் வரும் நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர்: போகார்ட், பியானோ வாசிக்கும் டூலி வில்சன், அந்தப் பல்கேரியப் பெண்ணாக வந்த ஜாய் பேஜ்.

சுடர்விழி

மதலேன் லெபோவைப் பற்றி 'இளம் மனைவி' என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

லெபோ பிறந்தது 1923 ஜூன். கல்யாணம் 1939-இல். அப்போது பெண்ணுக்கு 16, அவருக்கு 39, 40. நான் தாலியோவின் நடிப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவள். அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த வயதில் நாட்டை விட்டு ஓடி, மொழி தெரியாத ஊரில் வேலை தேடினாள் அந்தப் பெண்.

காசாபிளாங்காவில் ரிக் உதறிவிடும் இவான் என்ற பெண் அவள்தான். கஃபேயில் எல்லோரும் எழுந்து பிரான்ஸின் தேசிய கீதத்தைப் பாடும்போது, கண்ணீர் வழிய ஒரு முகம் குளோசப்பில் வருமே, அது லெபோ. அப்போது அவளுக்கு 19. பாரிஸ் இன்னும் ஜெர்மானியர் கையில். அதே கோடையில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, தன்னைக் கைவிட்டுப் போய்விட்டதாகக் காரணம் காட்டி தாலியோ விவாகரத்து கேட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் போனார். ஒரே கஃபேயில் அவர் ரூலெட் மேசையில், அவள் மதுக்கூடத்தில்.

லெபோ 2016 மே 1-இல் காலமானார். வயது 92. டைட்டிலில் பெயர் வந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர். இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'எட்டரை' படத்திலும் ஒரு நடிகையாக வருகிறார், பாருங்கள்.

மேடைமொழி

சுடர்விழி அக்கா, சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள்.

சேன்_கரை

வணக்கம். நான் பாரிஸில இருந்து எழுதிறன். நீங்கள் ஒருத்தரும் இன்னும் 'ஆட்டத்தின் விதி'க்குள்ள போகேல்லை. தாலியோவை அறியவேண்டுமெண்டால் அதில ஒரு சமையலறைக் காட்சி இருக்கு, அதில அவர் இல்லவே இல்லை, ஆனால் முழுக்க அவரைப் பற்றினது.

படத்தில அவர் மார்க்கி த லா ஷெனே. சோலோஞ் பக்கம் பெரிய கோட்டை மாளிகை, வேட்டை, விருந்து எண்டு வாழுற பிரபு. கீழ வேலைக்காரர் எல்லாம் ஒண்டாய் இருந்து சாப்பிடினம். ஒருத்தன் சொல்லுறான், எங்கட எசமானின்ர தாய்வழிப் பாட்டன் பேர் ரோசந்தால், ஃபிராங்க்ஃபர்ட்டில இருந்து நேரை வந்தவனாம் எண்டு. அதாவது இவர் சுத்தப் பிரபு இல்லை, யூத ரத்தம் எண்டு குத்துறான். அப்ப சமையல்காரன் ஒரு கதை சொல்லுவான். முந்தி ஒருநாள் எசமான் தன்னைக் கூப்பிட்டு உருளைக்கிழங்கு சாலட்டுக்காக ஏசினாராம். கிழங்கு கொதிக்கக் கொதிக்க இருக்கேக்க வெள்ளை வைனை ஊத்தவேணும், கையாள் விரல் சுடுமெண்டு ஆறவிட்டு ஊத்திப்போட்டான். எசமான் ஒரு வாய் வச்ச உடனை கண்டுபிடிச்சிட்டார். 'மெத்தெக்காய் இருந்தாலும் அவர் பெரிய மனிசன்தான்' எண்டு முடிக்கிறான்.

'மெத்தெக்' எண்டது பிரெஞ்சில வெளியில இருந்து வந்தவனை இழிவாச் சொல்லுற சொல்லு. புகழுற வசனத்துக்குள்ளயே அந்தச் சொல்லையும் வைக்கிறான் பாருங்கோ. இஞ்ச வாழுற எனக்கு அந்த வசனம் கேக்கேக்க உடம்பு கூசும். சப்டைட்டிலில அது சரியா வாறதில்லை. 'ரோசந்தால்' எண்ட பேரும் சும்மா வைக்கப்பட்டதில்லை. முந்தின படத்தில தாலியோ நடிச்ச பாத்திரத்தின்ர பேர் அது.

நெய்தல்வாசி

சேன்_கரை அண்ணா, இந்தப் பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை.

அந்தப் படத்தில் தாலியோவுக்கு இயந்திர பொம்மைகள், பாட்டுப் பெட்டிகள் சேர்ப்பதில் பைத்தியம். தான் சேர்த்ததிலேயே பெரியதை, விளக்குகளும் பொம்மைகளும் ஜொலிக்கும் ஒரு இயந்திர ஆர்கனை, விருந்தாளிகள் முன் திரை விலக்கிக் காட்டுகிறார். கேமரா பொம்மைகள் மேல் நகர்ந்து அவர் முகத்தில் வந்து நிற்கிறது. முகத்தில் பெருமை. கூடவே வெட்கம். 'இது நன்றாக இருக்கிறதா? என்னை ஏற்றுக்கொள்கிறீர்களா?' என்று கேட்கும் பயம் அடியில். இருபது விநாடிகூட இராது. தான் படமாக்கியதிலேயே மிகச் சிறந்த ஷாட்களில் ஒன்று என்று ரெனுவாரே அதைச் சொல்லியிருக்கிறார்.

மேடைமொழி

1960-களில் ரெனுவாரும் தாலியோவும் அந்தப் பழைய மாளிகைக்கே திரும்பிப் போய், படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவதை ழாக் ரிவெத் படமெடுத்திருக்கிறார். இருவருக்கும் வயதாகிவிட்டது. 'காட்டிக்கொடுப்பவனாகவும் கோமாளியாகவும் நடித்துவந்த என்னைப் போய் எதற்காகப் பிரபுவாகப் போட்டீர்கள்?' என்று தாலியோ கேட்கிறார், இத்தனை வருடம் மனதில் வைத்திருந்த கேள்வி போல. ஒருவித பாதுகாப்பின்மையைக் காட்டக்கூடிய ஒரே நடிகர் நீங்கள்தான், அதுதான் அந்தப் பாத்திரத்தின் அடிப்படை என்கிற பொருளில் ரெனுவார் பதில் சொல்கிறார்.

என் கட்சி இதுதான், கொட்டகைக்காரன் அண்ணா. 'நான் இங்கே இருக்கலாமா?' என்ற கேள்வி தாலியோவின் எல்லா வேடத்திலும் இருக்கிறது. ரோசந்தால் சோற்றைப் பகிர்ந்து கொடுத்து அதைக் கேட்கிறார். மார்க்கி ஆர்கனைக் காட்டிக் கேட்கிறார். எமீல் முதலாளியின் கண்ணைப் பார்த்துக் கேட்கிறார். வேடம் சிறுத்தது உண்மை. நடிப்பு சிறுக்கவில்லை.

கொட்டகைக்காரன்

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் நான் இறங்கி வரமாட்டேன். ஒரே கேள்வியை மூன்று மணி நேரம் கேட்கும் திறமை உள்ளவனுக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் அதற்குப் பெயர் நஷ்டம்தான். கபேனும்தான் ஹாலிவுட் போனார். இரண்டு படம் நடித்தார், சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போருக்குப் போனார், திரும்பி வந்து மறுபடி கபேன் ஆனார். தாலியோவால் அப்படி ஆக முடிந்ததா? போர் முடிந்து பிரான்ஸ் திரும்பி ரெனே கிளெமானின் 'லே மொதி'யில் நடித்தார், இவ் அலெக்ரேயின் 'தெதே தான்வேர்' செய்தார். நல்ல வேலைகள். ஆனால் இன்னொரு லா ஷெனே வரவே இல்லை.

பழைய_ரீல்

லா ஷெனேயே அப்போது யாருக்கும் தெரியாதே! 'ஆட்டத்தின் விதி' 1939 ஜூலை 7-இல் வெளியாகி மக்கள் கூச்சலிட்ட படம். ரெனுவார் எழுதியிருக்கிறார், ஒருவர் கொட்டகையைக் கொளுத்தவே செய்தித்தாளில் தீ வைத்தார் என்று. பிரெஞ்சுப் பிரபுவாக ஒரு யூதனா என்ற வெறுப்பும் அதில் சேர்ந்தது. வெட்டிச் சுருக்கினார்கள், போர் வந்ததும் மன உறுதியைக் குலைக்கும் படம் என்று தடை செய்தார்கள். 1942-இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் மூல நெகட்டிவும் அழிந்தது. கிடைத்த துண்டுகளையெல்லாம் சேர்த்து 1959-இல் மறுபடி உருவாக்கிய பிறகுதான் உலகம் அதைப் பார்த்தது. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 1952 முதல் 2012 வரை ஏழு முறையும் முதல் பத்தில் இருந்த ஒரே படம் இது.

ஆக, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலை அழிந்துவிட்டது என்ற நிலையில்தான் இருபது வருடம் அந்த மனிதர் சிறு வேடங்களுக்குப் போய்வந்தார். எதிலும் ஏனோதானோ என்று நின்றதில்லை. 1944-இல் 'வில்சன்' படத்தில் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ. 1954-இல் 'சப்ரினா'வில், பாரிஸ் சமையல் பள்ளியில் ஆட்ரி ஹெப்பர்னின் மனக்கவலையைக் கண்டுபிடித்து ஆறுதல் சொல்லும் முதிய பிரபு. 1955-இல் காசாபிளாங்காவைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது கேப்டன் வேடமே அவருக்கு. முன்பு யாருக்குப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாரோ, அந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்தார்.

சுடர்விழி

'கேட்ச்-22'வில் விபசார விடுதியில் உட்கார்ந்து, இளம் அமெரிக்க வீரனிடம் வாதாடும் இத்தாலியக் கிழவரும் அவர்தான். பலசாலி நாடுகள் போகும், பலவீனமான நாங்கள் பிழைத்திருப்போம் என்கிற வாதம். 1970-இல், 70 வயதில். அதை அவர் சொல்லும்போது நான் வசனமாகக் கேட்கவில்லை.

சேன்_கரை

இஞ்ச பிரான்சில சனத்துக்குத் தாலியோ எண்டால் ரெனுவார் படம் ஞாபகம் வராது. 'ரப்பி ஜாக்கப்'தான். ரப்பி எண்டால் யூத மதகுரு. ழெரார் ஊரி எடுத்தது, 1973. லூயி த ஃபுனெஸ் யூதரை வெறுக்கிற ஒரு முதலாளி. கொலைகாரரிட்ட இருந்து தப்ப ரப்பி வேசம் போடப்போய், நியூயோர்க்கில இருந்து வாற பெரிய ரப்பி ஜாக்கப் எண்டு எல்லாரும் அவரை நம்பிவிடினம். உண்மையான ரப்பி ஜாக்கப் தாலியோ. பிரான்சில 70 இலட்சத்துக்கு மேல சனம் பார்த்தது.

படம் தொடங்கிறதே நியூயோர்க்கில. 30 வருசத்துக்குப் பிறகு ஊருக்குப் போற கிழவரைத் தெருச்சனம் முழுக்கக் கூடி வழியனுப்புது. எந்த முகத்தை 1940-இல சுவரில ஒட்டி 'இவன்தான் யூதன்' எண்டு காட்டினாங்களோ, அந்த முகம் தாடியோட பிரான்சுக்குத் திரும்பி வருது. கொட்டகை நிறையச் சனம் அவரைப் பார்த்துச் சந்தோசமாச் சிரிக்குது.

கொட்டகைக்காரன்

இது எனக்குத் தெரியாது. 'நஷ்டம்' என்று நான் சொன்னதை முழுவதுமாகத் திரும்பப் பெறவில்லை. ஆனால் 1973-ஐயும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_ரீல்

1976-இல் தன் நினைவுகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1983 நவம்பர் 18-இல் பாரிஸிலேயே காலமானார். 84 நிறைய இன்னும் ஐந்து நாள்.

புதுவரவு22

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். 'ஆட்டத்தின் விதி'யை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் ஒரு கொலை நடந்துவிடுகிறது. மார்க்கி படியில் நின்று விருந்தாளிகளிடம் அது ஒரு விபத்து என்கிறார். நாளை துக்கம் கொண்டாடுவோம், இப்போது உள்ளே போங்கள், குளிர்கிறது என்கிறார். அவர் போனதும் ஒரு கிழட்டு ஜெனரல் சொல்கிறார், இவரிடம் ஒரு தரம் இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் அருகிவருகிறார்கள் என்று. சமையலறையில் பேசியது ஞாபகம் வந்தது. சேன்_கரை அண்ணா சொல்லாவிட்டால் எனக்கு அது பிடிபட்டிருக்காது.

அம்மா பாதியில் படத்தை நிறுத்தச் சொல்லி, 'இந்த மனுஷனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டார். இந்த இழையை முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். இப்போது 'ரப்பி ஜாக்கப்' பார்க்க வேண்டும் என்கிறார். சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும்?

சேன்_கரை

டிவிடியில ஆங்கில சப்டைட்டில் இருக்கு, தம்பி. அம்மாவுக்கு ஆங்கிலம் கஷ்டமெண்டால் சொல்லுங்கோ. தாலியோ வாற இடங்களுக்கு மட்டும் வசனத்தைத் தமிழில எழுதித் தாறன், பக்கத்தில இருந்து வாசிச்சுக் காட்டுங்கோ.